மூலக்கூறின் வடிவத்தையும் பிணைப்புக் கோணத்தையும் எண்ணிச் சொல்வது எப்படி?

பிளஸ் ஒன் நோட்டுகளில் மீத்தேன் பெரும்பாலும் ஒரு கூட்டல் குறிதான். நடுவில் கார்பன், நாலு பக்கமும் ஹைட்ரஜன், ஓரத்தில் பென்சிலால் ‘109.5°’ என்று ஒரு குறிப்பு. படத்தில் இருக்கும் கோணமோ 90°. இரண்டும் ஒரே பக்கத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

தாள் தட்டை, மூலக்கூறு தட்டையல்ல. கார்பனைச் சுற்றியுள்ள நான்கு எலக்ட்ரான் இரட்டைகளை ஒரே தளத்தில் படுக்க வைத்தால் பக்கத்து இரட்டைக்கும் அதற்கும் 90° இடைவெளிதான் கிடைக்கும். தளத்தை விட்டு மேலும் கீழுமாக விலகினால் எல்லா ஜோடிக்கும் 109.5° கிடைக்கிறது. கூடுதல் இடம் இருக்கும்போது அவை ஏன் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டும்? மைய அணுவின் வெளிக்கூட்டிலுள்ள இரட்டைகள் ஒன்றையொன்று முடிந்த அளவு விலக்கி நிற்கும் என்பதுதான் முழுக் கொள்கையும். பாடத்தில் இதன் பெயர் இணைதிறன் கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை (VSEPR). 1940ல் சிட்விக்கும் பவலும் இதைத் தொடங்கிவைத்தார்கள். 1957ல் கில்லஸ்பியும் நைஹோமும் இன்று நாம் படிக்கும் உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். விலக்கத்துக்கு எதிர்மின்சுமை மட்டும் காரணமல்ல. ஒரே சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்ற பௌலி தவிர்க்கைத் தத்துவத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

கொள்கையைப் புரிந்துகொள்வதில் யாரும் சிக்குவதில்லை. விடை தப்புவது எண்ணும் இடத்தில்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

எண்ணும் முறை

முதலில் மைய அணுவைத் தீர்மானியுங்கள். எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) குறைந்த அணு பெரும்பாலும் நடுவில் வரும். ஹைட்ரஜனுக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது, அது எப்போதும் ஓரத்தில்தான். மைய அணுவின் வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று எழுதுங்கள். தனிம அட்டவணையில் 13 முதல் 18 வரையான தொகுதிகளுக்குத் தொகுதி எண்ணின் கடைசி இலக்கமே அந்த எண்: கார்பனுக்கு 4, நைட்ரஜனுக்கு 5, கந்தகத்துக்கு 6, குளோரினுக்கு 7, செனானுக்கு 8. அயனியாக இருந்தால், எதிர்மின்சுமை ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூட்டுங்கள். நேர்மின்சுமை ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியுங்கள்.

அதிலிருந்து சுற்றியுள்ள அணுக்களின் பங்கைக் கழிக்க வேண்டும். ஹைட்ரஜனுக்கும் ஹாலஜன்களுக்கும் தலா 1, ஓரத்தில் நிற்கும் ஆக்சிஜனுக்கு 2, ஓரத்தில் நிற்கும் நைட்ரஜனுக்கு 3. ஹைட்ராக்சில் (OH) தொகுதியாக ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் ஒன்றைத்தான் எடுக்கும். அதை மறந்தால் சல்பூரிக் அமிலக் கணக்கு கெட்டுப்போகும். மீதியை இரண்டால் வகுத்தால் தனித்த இரட்டைகளின், அதாவது பிணைப்பில் சேராமல் மைய அணுவிலேயே நிற்கும் இரட்டைகளின், எண்ணிக்கை. அதோடு சுற்றியுள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் வருவதுதான் நமக்கு வேண்டிய மொத்த எண். இரட்டைப் பிணைப்போ முப்பிணைப்போ, ஓர் அணுவுக்கு ஒன்றுதான் கணக்கு.

வடசென்னைக் காற்றிலேயே பயிற்சிக்குத் தேவையான மூலக்கூறுகள் இருக்கின்றன. கொடுங்கையூர் குப்பைமேட்டில் மட்கும் கழிவிலிருந்து வரும் மீத்தேன்: 4 கழித்தல் 4, மீதி இல்லை, தனித்த இரட்டை 0, அணுக்கள் 4, மொத்தம் 4. கசிவு நடந்த 2023 டிசம்பர் 26 இரவிலிருந்து எண்ணூர்க்காரர்கள் மறக்காத அமோனியா: 5 கழித்தல் 3, மீதி 2, அதாவது ஒரு தனித்த இரட்டை, அணுக்கள் 3, மொத்தம் 4. நிலக்கரி எரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து வரும் சல்பர் டை ஆக்சைடு: 6 கழித்தல் 4, மீதி 2, ஒரு தனித்த இரட்டை, அணுக்கள் 2, மொத்தம் 3. அதே புகைபோக்கியின் கார்பன் டை ஆக்சைடு: 4 கழித்தல் 4, மீதி இல்லை, மொத்தம் 2.

அயனிக்கு ஒன்று. நைட்ரைட்டு: 5, எதிர்மின்சுமைக்கு 1 சேர்த்தால் 6, இரண்டு ஆக்சிஜனுக்கு 4 போக மீதி 2, ஒரு தனித்த இரட்டை, மொத்தம் 3. நைட்ரேட்டு: 6 கழித்தல் 6, தனித்த இரட்டை இல்லை, மொத்தம் 3. இந்த முறையில் நைட்ரேட்டின் நைட்ரஜனுக்கு எட்டுக்கு மேல் எலக்ட்ரான் விழுவதுபோலத் தெரியும். அது எண்ணுவதற்கான வசதி மட்டுமே. லூயிஸ் அமைப்பு (எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் படம்) வரையச் சொன்னால் எட்டைத் தாண்டாமல், மின்சுமையைப் பிரித்துப் போட்டு ஒழுங்காக வரையுங்கள். தனித்த இரட்டைகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே வருவதால் வடிவம் மாறாது.

எண்ணும்போது வரும் தப்புகள் அநேகமாக மூன்று வகை. மின்சுமையைக் கூட்ட வேண்டிய இடத்தில் கழிப்பது முதல் வகை. எதிர்மின்சுமை என்றால் எலக்ட்ரான் கூடுதல் என்பதை ஒரு நொடி நினைத்தால் தப்பலாம். ஓரத்து அணுக்களின் தனித்த இரட்டைகளையும் சேர்த்து எண்ணிவிடுவது அடுத்தது. புளூரின் ஒவ்வொன்றிலும் மூன்று இரட்டை உண்டு, அவற்றுக்கும் வடிவத்துக்கும் சம்பந்தமில்லை. கார்பன் டை ஆக்சைடில் இரட்டைப் பிணைப்பு இரண்டு இருப்பதால் மொத்தம் 4 என்று போட்டு நான்முகி என்று எழுதுவது மூன்றாவது.

மொத்த எண் தெரிந்ததும்

2 என்றால் நேர்க்கோடு, 180°. 3 என்றால் தள முக்கோணம், 120°. 4 என்றால் நான்முகி, 109.5°. 5 என்றால் முக்கோண இருபிரமிடு; அதில் மட்டும் இரண்டு கோணங்கள், நடுத்தளத்தில் 120°, அச்சுக்கும் நடுத்தளத்துக்கும் 90°. 6 என்றால் எண்முகி, 90°. இது எலக்ட்ரான் இரட்டைகளின் அமைப்பு. மூலக்கூறின் வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது அணுக்களை மட்டும் பார்க்க வேண்டும். அமோனியாவுக்கும் நீருக்கும் மொத்த எண் 4 தான். ஆனால் அமோனியா முக்கோணப் பிரமிடு, நீர் வளைந்த வடிவம். ‘அமோனியாவின் வடிவம் நான்முகி’ என்று எழுதினால் மதிப்பெண் போகும், போகவும் வேண்டும்.

கையில் எடுத்துப் பார்க்க

முப்பரிமாணம் கண்ணுக்குப் பழக ஒரு தடவையாவது மாதிரி செய்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டி வாங்கத் தேவையில்லை. அதில் துளைகள் ஏற்கெனவே சரியான கோணத்தில் போட்டிருப்பதால் கற்றுக்கொள்ள வேண்டிய வேலையைப் பெட்டியே செய்துவிடுகிறது. துடைப்பத்திலிருந்து நாலு ஈர்க்குச்சி, 2 செ.மீ. விட்டமுள்ள களிமண் உருண்டை, ஒரு ஸ்கேல் போதும். ஒவ்வொரு குச்சியும் உருண்டையின் மையத்திலிருந்து 10 செ.மீ. இருக்கட்டும், அதாவது மேற்பரப்பிலிருந்து 9 செ.மீ. வெளியே தெரிய வேண்டும். பாகைமானியைக் காற்றில் பிடித்துக் கோணம் அளப்பது நடக்காத காரியம். குச்சி முனைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்தால் போதும்: 180°க்கு 20 செ.மீ., 120°க்கு 17.3, 109.5°க்கு 16.3, 90°க்கு 14.1.

நான்முகிக்கு மூன்று குச்சிகளை முக்காலிபோல மேசையில் நிறுத்துங்கள். மூன்று முனைகளுக்கும் இடையே 16.3 செ.மீ. இருந்தால் உருண்டையின் மையம் மேசையிலிருந்து 3.3 செ.மீ. உயரத்தில் நிற்கும். நான்காவது குச்சியைச் செங்குத்தாகக் குத்துங்கள். அதன் முனையிலிருந்து மற்ற மூன்று முனைக்கும் அளந்தாலும் அதே 16.3 வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் உருண்டை கீழே இறங்கியிருக்கும். மே மாத வெயிலில் எண்ணெய் கலந்த களிமண் இளகிக் குச்சிகள் சாயும். அந்த மாதத்துக்குக் கெட்டியாகப் பிசைந்த சப்பாத்தி மாவே மேல்.

இனி அமோனியாவுக்கு 107°, அதாவது 16.1 செ.மீ.; நீருக்கு 104.5°, 15.8 செ.மீ. மீத்தேனுக்கும் நீருக்கும் உள்ள வித்தியாசம் இந்த அளவில் வெறும் 5 மில்லிமீட்டர். கோணம் ‘குறைகிறது’ என்று படிக்கும்போது எவ்வளவு சிறிய மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது ஸ்கேலில்தான் தெரியும்.

5, 6 எண்ணுக்குப் பலூன் நல்லது. பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளில் ஒரு பாக்கெட் எடுத்தால் ஒரு வகுப்புக்கே வரும். உருண்டைப் பலூனாக இருக்க வேண்டும். நீளப் பலூன் இதற்கு உதவாது. எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு, சுமார் 15 செ.மீ. விட்டத்துக்கு ஊதுங்கள். முழுக்க ஊதினால் முறுக்கும்போது வெடிக்கும். இரண்டிரண்டாக வாயைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, இரண்டு ஜோடிகளை முடிச்சில் சேர்த்து முறுக்கினால் நான்முகி தானாக விழும். மூன்று ஜோடிகள் என்றால் எண்முகி. அதில் ஒன்றை ஊசியால் குத்தி உடைத்தால் மிச்ச ஐந்தும் நகர்ந்து முக்கோண இருபிரமிடு ஆகும். ஆகாவிட்டால் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தி உலுக்குங்கள்.

தனித்த இரட்டை ஏன் அதிக இடம் கேட்கிறது

பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கருக்கள் இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கின்றன. அதனால் அது ஒல்லியாக இருக்கிறது. தனித்த இரட்டையை இழுப்பது மைய அணுவின் கரு மட்டுமே. எதிரில் பிடிக்க ஆளில்லாததால், ஷேர் ஆட்டோவில் காலை அகட்டி உட்காருகிறவர்போல அது மைய அணுவை ஒட்டிப் பரவிக்கொள்கிறது. பக்கத்திலிருக்கும் பிணைப்புகள் ஒதுங்க வேண்டியதுதான். விலக்கத்தின் வரிசை: தனித்த இரட்டைக்கும் தனித்த இரட்டைக்கும் இடையே மிக அதிகம், தனித்ததற்கும் பிணைப்புக்கும் அடுத்து, பிணைப்புக்கும் பிணைப்புக்கும் மிகக் குறைவு. அமோனியாவில் ஒன்று தள்ளுகிறது, 107°. நீரில் இரண்டு தள்ளுகின்றன, 104.5°.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 107, 104.5 என்ற எண்களைக் கொள்கை தருவதில்லை. அவை அளந்து கண்டவை. ‘109.5°ஐ விடக் குறைவு, நீரில் இன்னும் குறைவு’ என்று சொல்வதோடு கொள்கையின் வேலை முடிந்தது. ஒரு தனித்த இரட்டைக்கு 2.5° கழிக்க வேண்டும் என்று விதி சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அந்த விதியைப் பாஸ்பீனிடம் (பாஸ்பரஸோடு மூன்று ஹைட்ரஜன், ஒரு தனித்த இரட்டை) கொண்டுபோனால் 107° வரும். உண்மையில் அங்கே 93.5°.

இரட்டைப் பிணைப்பும் ஒற்றைப் பிணைப்பைவிட அதிக இடம் பிடிக்கும். எத்திலீனில் ஹைட்ரஜன், கார்பன், ஹைட்ரஜன் கோணம் 120° அல்ல, சுமார் 117°. சல்பர் டை ஆக்சைடில் ஒரு பக்கம் தனித்த இரட்டை தள்ளுகிறது, மறுபக்கம் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. இழுபறியில் கோணம் 119° அளவில் நிற்கிறது. தனித்த இரட்டை இருந்தும் 120°ஐ இவ்வளவு நெருங்கியிருப்பது அதனால்தான்.

ஐந்து வந்தால் நிதானம்

மொத்த எண் 5 ஆக வரும்போது எல்லா இடங்களும் சமமல்ல. அச்சில் இருக்கும் ஒன்றுக்கு 90° தூரத்தில் மூன்று அண்டைகள். நடுத்தளத்தில் இருப்பதற்கு 90°யில் இரண்டு மட்டும். மற்ற இரண்டும் 120° தள்ளி இருப்பதால் அவை பெரிதாக உறுத்துவதில்லை. எனவே தனித்த இரட்டை முதலில் நடுத்தளத்தில்தான் உட்காரும். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் தனித்த இரட்டையே இல்லை; ஆனாலும் அச்சுப் பிணைப்புகள் மற்ற மூன்றைவிடச் சற்று நீளமாக இருக்கின்றன, காரணம் இதே நெருக்கடி. இது வாயு நிலையில். திண்மமாக அது இரண்டு அயனிகளாகப் பிரிந்து நிற்கும்: நாலு குளோரின் கொண்ட நேரயனி நான்முகி, ஆறு குளோரின் கொண்ட எதிரயனி எண்முகி.

சல்பர் டெட்ராபுளூரைடு: 6 கழித்தல் 4, ஒரு தனித்த இரட்டை, மொத்தம் 5. நடுத்தளத்தில் ஓர் இடத்தைத் தனித்த இரட்டை எடுத்துக்கொண்டால் மிச்சம் சீசா வடிவம். நடுத்தளத்து இரண்டு புளூரின்களுக்கும் இடையே 120° சுருங்கி 102° அளவுக்கு வருகிறது. அச்சிலுள்ளவை 180° இல்லாமல் 173°க்கு மடங்குகின்றன.

குளோரின் டிரைபுளூரைடில் இரண்டு தனித்த இரட்டைகள். ஊகிக்காமல் மூன்று ஏற்பாடுகளையும் வரைந்து 90° மோதல்களை எண்ணுங்கள். இரண்டும் அச்சில் இருந்தால் தனித்ததற்கும் பிணைப்புக்கும் ஆறு மோதல்கள். ஒன்று அச்சில், ஒன்று நடுத்தளத்தில் என்றால் இரண்டு தனித்த இரட்டைகளே 90°யில் முட்டிக்கொள்ளும். அது உடனே தள்ளுபடி. இரண்டும் நடுத்தளத்தில் என்றால் தனித்ததற்கும் பிணைப்புக்கும் நான்கு மட்டுமே. ஆறைவிட நான்கு நல்லது, ஆகவே ஆங்கில டி எழுத்து வடிவம். அதன் கைகள் சற்றே உள்பக்கம் சாய்ந்திருக்கும், கோணம் 87.5°. மூன்று தனித்த இரட்டைகள் என்றால் நடுத்தளம் முழுக்க அவற்றுக்கே போய்விடும். டிரை அயோடைடு அயனியும் செனான் டைபுளூரைடும் அதனால் நேர்க்கோடு.

ஆறில் இந்தத் தலைவலி இல்லை. முதல் தனித்த இரட்டை எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான், சதுரப் பிரமிடு கிடைக்கும். புரோமின் பென்டாபுளூரைடு அப்படி. இரண்டாவது அதற்கு நேர் எதிரே. 1962ல் முதன்முதலாகத் தயாரித்த செனான் டெட்ராபுளூரைடு தட்டையான சதுரமாக இருப்பது அதனால்தான்.

கோணங்களை வரிசைப்படுத்து என்று கேட்டால்

நீட் மாதிரித் தேர்வுகளுக்குப் பிடித்த கேள்வி இது. முதலில் மொத்த எண்ணைப் பாருங்கள். அது வேறுபட்டால் வேலை அங்கேயே முடிந்தது: 2க்கு அதிகம், 3க்குக் குறைவு, 4க்கு இன்னும் குறைவு. சமமாக இருந்தால் தனித்த இரட்டைகளை எண்ணுங்கள். நைட்ரோனியம் அயனி (நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன், ஒரு நேர்மின்சுமை) 180°, நைட்ரைட்டு சுமார் 115°. நடுவில் நைட்ரஜன் டை ஆக்சைடு, மீதி ஒரே ஓர் எலக்ட்ரான். ஒற்றை எலக்ட்ரான் இரட்டை அளவுக்குத் தள்ளாது, அதனால் 134°.

தனித்த இரட்டைகளும் சமமாக இருந்தால் எலக்ட்ரான் கவர்தன்மை. ஓரத்து அணு வலுவாக இழுத்தால் பிணைப்பு இரட்டைகள் மையத்தை விட்டுத் தள்ளிப்போகும், அங்கே நெரிசல் குறையும், கோணம் சுருங்கும். நைட்ரஜன் டிரைபுளூரைடு 102°, அமோனியா 107°. மைய அணு கீழ் வரிசைக்குப் போனாலும் இதே விளைவுதான்: நீர் 104.5°, ஹைட்ரஜன் சல்பைடு 92°. பாஸ்பரஸின் ஹாலைடுகளிலும் வரிசை ஒழுங்காக வருகிறது: புளூரைடு 98°, குளோரைடு 100°, புரோமைடு 101°. ஆனால் பாஸ்பீனை அந்த வரிசையில் நுழைக்காதீர்கள். ஹைட்ரஜனின் கவர்தன்மை குறைவு என்பதால் அதன் கோணம் பெரிதாக இருக்க வேண்டும், இருப்பதோ 93.5°. வினாத்தாளில் பாஸ்பீனும் இந்த ஹாலைடுகளில் ஒன்றும் சேர்ந்து வந்தால் தர்க்கம் செய்ய வேண்டாம், நினைவில் இருப்பதை எழுதுங்கள்.

வடிவம் தெரிந்தபின்

வடிவத்தைக் கண்டுபிடித்த கையோடு முனைவுத்தன்மையையும் (மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர்மின்சுமையும் மறுபக்கம் சற்று எதிர்மின்சுமையும் இருப்பது) எழுதிவிடலாம். பிணைப்பு ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கிறது. சமச்சீராக நின்றால் இழுப்புகள் அடிபட்டுப்போகும். மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் அப்படி. அமோனியா பிரமிடாக இருப்பதாலும் உச்சியில் ஒரு தனித்த இரட்டை இருப்பதாலும் முனைவுள்ளது. நீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு ஏராளமாகக் கரையும். எண்ணூரில் கசிவு நேரத்தில் ஈரத்துணியால் மூக்கை மூடச் சொல்வது இதனால்தான், கண்ணும் தொண்டையும் முதலில் எரிவதும் இதனால்தான்: அங்கே ஈரம் இருக்கிறது. ஆனால் ஈரத்துணி அந்த இடத்தை விட்டு விலகிப் போகும்வரை சமாளிக்கத்தான், அங்கேயே நிற்பதற்கல்ல. மீத்தேனுக்கு ஈரத்துணி ஒன்றும் செய்யாது.

எங்கே இந்த முறை கைவிடும்

நிக்கல் போன்ற டி தொகுதி உலோகங்களிடம் இதைக் கொண்டுபோகாதீர்கள். டெட்ராகுளோரோநிக்கலேட்டும் டெட்ராசயனோநிக்கலேட்டும் ஒரே நிக்கல், ஒரே ஆக்சிஜனேற்ற நிலை, சுற்றிலும் நான்கு தொகுதிகள். முதலாவது நான்முகி, இரண்டாவது தட்டையான சதுரம். அங்கே படிகப்புலக் கொள்கைதான் பேசும். செனான் ஹெக்சாபுளூரைடில் ஆறு பிணைப்போடு ஒரு தனித்த இரட்டை, மொத்தம் 7. அது ஒழுங்கான எண்முகியாக இராது என்று எண்ணிக்கை சரியாகவே சொல்கிறது, ஆனால் எந்த வடிவம் என்று கேட்டால் தெளிவான பதில் வராது, மூலக்கூறே ஒரு வடிவத்தில் நிலையாக நிற்பதில்லை. ஓரத்தில் பெரிய தொகுதிகள் இருந்தாலும் கவனம் தேவை: டிரைசிலைல் அமீனில் நைட்ரஜனுக்கு மொத்த எண் 4, பிரமிடாக இருக்க வேண்டியது, அளந்து பார்த்தால் நைட்ரஜனும் மூன்று சிலிக்கனும் ஒரே தளத்தில்.